பிள்ளைங்க கோடை முகாமுக்கு வேலை செய்ய வர்றவங்க கேக்குற கேள்விகளும் பதில்களும்

தூத்துக்குடி மாவட்டத்துல, நாசரேத் பக்கத்து தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) ஊர்கள்ல இருக்குற நம்ம சேகரம், அதாவது ஒரே குருவானவருக்குக் கீழ உள்ள கிறிஸ்தவ சபைகள், நடத்துற முகாம் பத்தினது இது. வருஷா வருஷம் மே மாசம் நாலு நாள், வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும், எட்டு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் நூறு பிள்ளைங்க பக்கம் வந்து நம்ம கோயில் காம்பவுண்டுலயும் பக்கத்து பள்ளிக்கூடத்துலயும் தங்குவாங்க. வாலண்டியரா வர்ற தம்பி தங்கச்சிங்க போன்ல மாத்தி மாத்தி கேக்குறதெல்லாம் இங்க ஒரே எடத்துல போட்டிருக்கேன், கெளம்புறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிருங்க.

பிள்ளைங்க வியாழக்கிழமை காலைலதான வர்றாங்க, எங்கள ஏன்க்கா செவ்வாய் சாயங்காலமே வர சொல்றீங்க?

புதன்கிழமை முழு நாளும் செட்டப்புக்கு வேணும் அதனாலதான். பரீட்சை முடிஞ்சு பள்ளிக்கூடம் பூட்டினதுல இருந்து அந்த ரூம்களை யாரும் தெறந்திருக்க மாட்டாங்க, பெஞ்சுக்கு அடியில தேள் பூரான் கெடக்கும், தண்ணி டேங்க் கழுவணும், லைட் எரியுதா ஃபேன் சுத்துதான்னு ஒவ்வொன்னா பாக்கணும், இதெல்லாம் செய்யாம பிள்ளைங்கள படுக்க வைக்க முடியாது.

அதவிட முக்கியமான காரணம் ஒன்னு இருக்கு. மொத தடவையா அம்மாவ விட்டுட்டு வர்ற பிள்ளை வேன்ல இருந்து எறங்குறப்ப பெரியவங்க எல்லாம் ஏணி தூக்கிட்டு, செல்லோடேப் தேடிட்டு, ஒருத்தர ஒருத்தர் சத்தம் போட்டுட்டு இருந்தா அந்தப் பிள்ளை பைய கட்டிப்பிடிச்சிட்டு மூலையில நின்னுரும், அப்புறம் ராத்திரி வரைக்கும் அழுகைதான். அதே பிள்ளை பேர ஒரு அக்கா சொல்லி கூப்பிட்டு, பைய வாங்கி, இங்கதான் உன் பாய், இந்தா தண்ணின்னு சொன்னா பத்து நிமிஷத்துல விளையாட ஓடிரும். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மேல நம்ம யார் கையிலயும் ஒரு சாமானும் இருக்கக் கூடாது, கை காலியா பிள்ளைங்களுக்காக இருக்கணும். கீழ சொல்ற எல்லா வேலையும் அதுக்குத்தான்.

சென்னை, பெங்களூர்ல இருந்து எப்படி வர்றது?

ட்ரெயின் டிக்கெட் 60 நாளுக்கு முன்னாடி தெறக்கும். முன்ன 120 நாளா இருந்துச்சு, 2024 நவம்பர்ல இருந்து கொறச்சிட்டாங்க, நெறைய பேருக்கு இது இன்னும் தெரியல. மே மாசம் தெக்க வர்ற வண்டிக்கு தெறந்த அன்னைக்கே டிக்கெட் தீந்துரும், அதனால காலண்டர்ல குறிச்சு வச்சு போடுங்க. திருநெல்வேலி வந்துட்டா அங்கருந்து திருச்செந்தூர் போற பாசஞ்சர்ல ஏறி நாசரேத் ஸ்டேஷன்ல எறங்கலாம், அதுதான் சுகமான வழி. இல்லன்னா பஸ். ஸ்டேஷனுக்கு நம்ம ஆள் வண்டி எடுத்துட்டு வருவாங்க, ஆனா இருட்டுறதுக்குள்ள வந்து சேருங்க, தேரி ரோட்ல ராத்திரி லைட் கெடையாது.

பெங்களூர்ல இருந்து பைக்ல ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வர்றோம்னு சில தம்பிங்க கேக்குறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். தூங்காம வந்தவங்களுக்கு புதன்கிழமை நான் வேலை குடுக்க மாட்டேன், படுத்து தூங்க சொல்லிருவேன், அதுக்கு எதுக்கு அவ்வளவு ரிஸ்க்.

என்னென்ன கொண்டு வரணும்?

டார்ச், தண்ணி பாட்டில், தொப்பி, ரெண்டு பெட்ஷீட், கொசு மருந்து, நீங்க சாப்பிடுற மாத்திரை, வேதப்புத்தகம், பாட்டுப்புத்தகம். வார் வச்ச செருப்பு கண்டிப்பா வேணும், வெறுங்கால்ல மத்தியானம் செம்மண்ல நடக்க முடியாது, கால் பொத்துப் போயிரும். வெள்ளைத் துணி கொண்டு வராதீங்க, தேரி மண் கறை லேசுல போகாது. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு மட்டும் ஒரு நல்ல உடுப்பு. நகை வேண்டாம்.

வந்ததும் யார்கிட்ட பேசணும்? யார் சொல்றத கேக்கணும்?

மொதல்ல ஐயாவ, நம்ம குருவானவர, பாத்து வணக்கம் சொல்லுங்க, அப்புறம் நேரா கோயில பாத்துக்குற கோயில்குட்டியார்கிட்ட போங்க. சாவி எல்லாம் அவர்கிட்டதான், எந்த ஸ்விட்ச் எதுக்கு, எந்த ஜன்னல் மூடாது, எந்த மூலையில மழை பெஞ்சா ஒழுகும், போன தடவ எங்க பாம்பு வந்துச்சு எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர அண்ணாச்சின்னு கூப்பிடுங்க. எப்படியும் உங்க அப்பா வயசு இருக்கும், ஏணி எடுங்க சேர் எடுங்கன்னு அவர ஏவாதீங்க, நீங்க எடுத்துட்டு எங்க போடணும்னு அவர்கிட்ட கேளுங்க.

சமையல்கட்டுல பெண்கள் ஐக்கிய சங்கத்து அத்தைங்க, சித்திங்க சொல்றதுதான். அசனத்துக்கு, அதான் சபை விருந்துக்கு, ஆயிரக்கணக்கான பேருக்கு பொங்கிப் போட்டு பழகின கை அது. யூடியூப்ல பாத்தோம்னு மெனு மாத்த சொல்லி அங்க போய் நிக்காதீங்க.

சிட்டில இருந்து வர்றவங்களுக்கு நல்ல ஐடியா நெறைய இருக்கும், எனக்கு அது சந்தோஷம்தான், ஆனா செவ்வாய் ராத்திரி ஜெபத்துக்கு அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசுவோம்ல, அப்ப சொல்லுங்க. புதன்கிழமை பாதி வேலைல வந்து எல்லாத்தையும் மாத்துனா உள்ளூர் ஆட்கள் மனசு நொந்துரும், நாம நாலு நாள்ல போயிருவோம், அவங்கதான் வருஷம் பூரா அந்தப் பிள்ளைங்க கூட இருக்கப் போறவங்க.

புதன்கிழமை வேலை எப்படி போகும்?

காலை ஆறு மணிக்கு ஆரம்பிச்சு பத்தரைக்குள்ள வெளி வேலை எல்லாம் முடிஞ்சிரணும், பந்தல், கிரவுண்டு, கயிறு கட்டுறது, டேங்க் கழுவுறது. மே 4ல இருந்து 28 வரைக்கும் அக்னி நட்சத்திரம்னு காலண்டர்லயே போட்டிருக்கும், நம்ம முகாம் அதுக்கு உள்ளதான் வருது, லீவு அப்பதான இருக்கு, வேற வழியில்ல. பதினொன்னுல இருந்து நாலு வரைக்கும் உள் வேலை மட்டும், ரூம் கழுவுறது, பாய் விரிக்கிறது, பேர் அட்டை எழுதுறது, பாட்டு பழகுறது. நாலுக்கு மேல திரும்ப வெளிய.

ரூம் செட் பண்ணும்போது ஒரு விஷயம் செய்யுங்க, தரையில உக்காந்து ஒரு தடவ சுத்திப் பாருங்க. எட்டு வயசுப் பிள்ளை கண்ணுக்கு என்ன தெரியும், கைக்கு என்ன எட்டும்னு அப்பதான் புரியும். பெஞ்சுல துருத்திட்டு இருக்குற ஆணி, கீழ் மட்டத்துல இருக்குற ஓட்டை ப்ளக் பாயிண்ட், ஜன்னல் திட்டுல யாரோ வச்சுட்டுப் போன ஆசிட் பாட்டில், இதெல்லாம் நின்னுட்டு பாத்தா கண்ணுல படாது. கிணத்து மூடி, மாடிப்படி கேட் ரெண்டுக்கும் பூட்டு போட்டாச்சான்னு ரெண்டு பேர் தனித்தனியா போய் பாக்கணும்.

பேர் அட்டை பெருசா, தமிழ்ல, ஊர் பேரோட எழுதுங்க. பின்னாடி பக்கம் அப்பாவோ அம்மாவோ போன் நம்பர், அலர்ஜி இருந்தா அது. செவ்வாய் ராத்திரியே லிஸ்ட் குடுத்துருவேன், உங்க குரூப்ல உள்ள பத்துப் பிள்ளை பேரையும் புதன் ராத்திரிக்குள்ள மனப்பாடம் பண்ணிருங்க.

ஸ்டேஜ் டெக்கரேஷனுக்கு தெர்மாகோல், கலர் பேப்பர், பலூன் வாங்கிட்டு வரட்டுமா?

பணத்த அதுல போடாதீங்க. மே கடைசில மேகாத்து, அதாவது மேக்க இருந்து அடிக்கிற காத்து, ஆரம்பிச்சிரும், தேரி மண்ண அள்ளிட்டு ஹாலுக்குள்ளயே வரும், பேப்பர் ஒட்டினா அரை நாள் தாங்காது, பலூன் வெயில்ல தானா வெடிக்கும். மேக்க பாத்த ஜன்னல்களுக்கு கித்தான் கட்டிருங்க. பின்னாடி தொங்க விடுறதுக்கு பழைய வேட்டில பெயிண்ட் பண்ணினது போதும், மேலயும் கீழயும் கம்பு சொருகி கட்டினா காத்துக்கு அசையாது, அடுத்த வருஷமும் ஆகும். பனை ஓலை இங்க வேணும்ங்குற அளவு கெடைக்கும், ஓலைல கிளி, மீன், பூ செய்யத் தெரிஞ்ச பாட்டிங்க நம்ம சபையிலயே இருக்காங்க, புதன்கிழமை மத்தியானம் அவங்கள கூப்பிட்டு உக்கார வச்சு நீங்க கத்துக்கோங்க, வெள்ளிக்கிழமை அதையே பிள்ளைங்களுக்கு கிராஃப்ட் கிளாஸா வச்சிரலாம்.

ஹால் பெருசா இல்லையே, ஏசி இல்லையேன்னு யாரும் கூச்சப்பட வேண்டாம். 1898ல நியூயார்க்ல எலைசா ஹாஸ்னு ஒரு அம்மா, லீவுல தெருவுல சுத்திட்டு இருந்த ஏழைப் பிள்ளைங்களுக்கு தினமும் வேதாகமப் பள்ளி நடத்துனப்ப ஒரு பீர் கடை ஹால வாடகைக்கு எடுத்துத்தான் நடத்துனாங்க, இன்னைக்கு நாம விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி)னு சொல்றதோட ஆரம்பங்கள்ல அதுவும் ஒன்னு.

சமையல் எங்க நடக்கும், நாங்க என்ன செய்யணும்?

சமையல் கூரைக் கொட்டகைல நடக்காது, ஓலைப் பந்தலுக்குக் கீழ நடக்காது, பிள்ளைங்க படுக்குற கட்டடத்துக்கு ஒட்டினாப்லயும் நடக்காது. காம்பவுண்டுக்கு கிழக்கு ஓரத்துல தகர ஷெட்ல மட்டும்தான். காத்து மேக்க இருந்து வர்றதால தீப்பொறி பறந்தாலும் வெளிய போகும். இதுல நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். 2004 ஜூலை 16 கும்பகோணத்துல பள்ளிக்கூட தீ விபத்துல 94 பிள்ளைங்க செத்துப் போச்சு, கூரை போட்ட சமையல்கட்டுல ஆரம்பிச்ச தீ அது. பிள்ளைங்கள ஒரு கட்டடத்துல வச்சு சோறு பொங்குற எல்லாரும் அத மறக்கவே கூடாது.

அதனால புதன்கிழமை சாயங்காலம் இதெல்லாம் முடிச்சிரணும்: சிலிண்டர் டியூப்ல சோப்புத் தண்ணி தடவி லீக் இருக்கான்னு பாக்கணும், மணல் வாளி நாலு, தண்ணி டிரம் ஒன்னு அடுப்புக்கு பக்கத்துல வைக்கணும், படுக்குற ரூம் எல்லாத்துலயும் ரெண்டு கதவும் தெறக்குதான்னு பாக்கணும், ராத்திரி எந்தக் கதவையும் வெளிய பூட்டக் கூடாது, வாசலுக்கு முன்னாடி பெஞ்சோ பெட்டியோ அடுக்கக் கூடாது.

மத்தபடி நீங்க காய் நறுக்கணும், வெங்காயம் உரிக்கணும், பரிமாறணும், பாத்திரம் தேய்க்கணும். ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர்னு கணக்கு வச்சிருக்காங்க. காலைல பதநீர் வரும், சீசன்தான், பனையேறுற அண்ணாச்சிங்க கொண்டு வந்து குடுப்பாங்க, அத வெயில் ஏறுறதுக்குள்ள குடிச்சிரணும், வச்சிருந்தா புளிச்சிரும், பிள்ளைங்களுக்கு புளிச்சத குடுக்கக் கூடாது.

குடிதண்ணி?

போர் தண்ணி உப்பா இருக்கும், குளிக்க தொவைக்க மட்டும். குடிக்க கேன் தண்ணி, அதயும் மூடி போட்ட எவர்சில்வர் டிரம்ல குழாய் வச்சு வைப்போம், செம்பு முக்கி எடுக்குற பழக்கம் வேண்டாம். பிள்ளைங்க பாட்டில்ல பேர் ஒட்டுங்க. மணி அடிக்கிறப்பல்லாம் ஒரு மடக்கு குடிச்சிட்டுத்தான் அடுத்த கிளாஸ்.

கரண்ட், மைக் வேலை எனக்குத் தெரியும், என்ன செட்டப் இருக்கு?

ஆம்ப்ளிஃபயர், ரெண்டு பாக்ஸ், கீபோர்டு, நாலு மைக் கோயில்லயே இருக்கு. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஃபேன், ஆம்ப்ளிஃபயர், புரொஜெக்டர், வாலண்டியர் போன் சார்ஜர் எல்லாத்தையும் சொருகிராதீங்க, வயர் சூடேறும். போன் சார்ஜுக்குன்னு தனியா வெஸ்ட்ரில (கோயில்ல ஐயாவோட அறைல) ஒரு பாயிண்ட் இருக்கு. வயர் நடக்குற வழியில போனா மேல சாக்கு போட்டு டேப் அடிங்க. ஜெனரேட்டர் கிழக்கு ஓரமா, ஜன்னல்ல இருந்து தள்ளி, திறந்த வெளில வைக்கணும், அந்தப் புகை ரூமுக்குள்ள வந்தா தூக்கத்துலயே உயிர் போயிரும். ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி போடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, நாம ஒன்பதுக்கே நிறுத்திருவோம். குழாய் ஸ்பீக்கர் மரத்துல கட்ட மாட்டோம், சத்தம் ஹாலுக்குள்ள கேட்டா போதும்.

ஊர்ல அந்த வாரம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தா?

வரும், சித்திரை வைகாசி கொடை மாசம்தான. ஐயாவும் சபைப் பெரியவங்களும் முன்னாடியே ஊர்த் தலைவர்கிட்ட பேசி தேதி கேட்டுருவாங்க, மேளம், சாமி வர்ற நேரம் தெரிஞ்சிட்டா அந்த நேரத்துக்கு நாம விளையாட்டு வச்சுக்கலாம். அவங்க பந்தல்ல இருந்து நமக்கு அண்டா வந்திருக்கு, நம்ம பெஞ்சு அங்க போயிருக்கு. வெளியூர்ல இருந்து வர்றவங்க இதுல எந்தப் பேச்சும் பேசி வைக்காதீங்க.

சபைக்கு வெளிய உள்ள வீட்டுப் பிள்ளைங்களும் வர்றாங்களா?

வர்றாங்க, பக்கத்து வீட்டு ஃபிரெண்டு கூட வர்ற பிள்ளைங்க. அப்பா அம்மா கையெழுத்து போட்ட தாள் இல்லாம ஒருத்தரையும் சேக்குறது இல்ல, இங்க வேதபாடம், ஜெபம், பாட்டு இருக்கும்னு அவங்க வீட்டுக்கே போய் தெளிவா சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்குறோம். அந்தப் பிள்ளைங்க நெத்தில திருநீறு பூசிட்டு வந்தா அது அவங்க வீட்டு மரியாதை, யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

வாலண்டியர்ஸுக்கு ரூல்ஸ் ரொம்ப ஜாஸ்தின்னு சொல்றாங்களே?

பிள்ளைங்க பாதுகாப்புல ஜாஸ்திதான், அத நான் கொறைக்கப் போறதில்ல. எந்தப் பிள்ளை கூடயும் எந்தப் பெரியவரும் தனியா, மூடின கதவுக்குப் பின்னாடி இருக்கக் கூடாது, அது ஐயாவா இருந்தாலும் நானா இருந்தாலும் அதே ரூல்தான். பொம்பளப் பிள்ளைங்க ரூம் பக்கம் அண்ணன்மார் போகக் கூடாது, ராத்திரி டாய்லெட்டுக்கு கூட்டிட்டுப் போறது ரெண்டு அக்காமார் சேந்துதான், பையன்ங்க பக்கமும் ரெண்டு அண்ணன்மார். அடிக்கக் கூடாது, முட்டி போட வைக்கக் கூடாது, ஒல்லி குண்டு கறுப்புன்னு பட்டப்பேர் வைக்கக் கூடாது. யார் கூட பிள்ளை வீட்டுக்குப் போகும்னு தாள்ல எழுதியிருக்கோ அவங்க கூட மட்டும்தான் அனுப்பணும், மாமா வந்திருக்காருன்னு யார் சொன்னாலும் போன் போட்டு கேக்காம விடாதீங்க.

ஒரு பிள்ளை உங்ககிட்ட வந்து, ஒருத்தர் என்ன தப்பா தொட்டாங்கன்னு சொன்னா, நெஜமாவான்னு கேக்காதீங்க, திரும்பத் திரும்ப விசாரிக்காதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியமும் பண்ணாதீங்க. சொன்னது நல்லது, தப்பு உன் மேல இல்லன்னு சொல்லிட்டு உடனே எங்ககிட்ட வாங்க. பிள்ளைங்கள பாலியல் குற்றங்கள்ல இருந்து காப்பாத்த 2012ல வந்த போக்சோ சட்டப்படி விஷயம் தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், மறைச்சா அதுவே குற்றம். சபை பேரு கெட்டுரும், உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்னு யாராவது சொன்னா, அவங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கேக்க வேண்டாம், பிள்ளைங்க உதவி எண் 1098க்கு நீங்களே போன் பண்ணலாம், உங்க பக்கம் நான் நிப்பேன். செவ்வாய் ராத்திரி கூட்டத்துல இதுக்குன்னு ஒரு மணி நேரம் இருக்கு, அந்தக் கூட்டத்துக்கு வராதவங்களுக்கு பிள்ளைங்க கூட வேலை கெடையாது, சமையல்கட்டுலயோ கிரவுண்டுலயோ இருக்கலாம்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடலாமா?

பிள்ளைங்க மொகம் தெரியுற எதையும் போடக் கூடாது. போட்டோவுக்குன்னு ஒரு அக்கா இருக்காங்க, அவங்க எடுத்தத அப்பா அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் குடுப்போம். செட்டப் வேலை, ஓலைக் கிளி, சாப்பாடு அண்டா, இதெல்லாம் தாராளமா எடுங்க.

யாருக்காவது முடியாம போனா?

நர்ஸ் ஒரு அக்கா கூடவே இருப்பாங்க. ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்னு ஒரு லிட்டர் தண்ணிக்கு, அரை லிட்டர்ல கரைக்காதீங்க, கரைச்சத மறுநாள் வச்சு குடுக்காதீங்க. வெயில்ல மயங்கினா நெழலுக்கு கொண்டு வந்து, துணிய தளத்தி, ஈரத்துணி போட்டு விசிறுங்க, பேச்சு கொழறினாலோ நெனப்பு தப்பினாலோ உடனே 108.

தேரி ஓரத்துல சுருட்டை விரியன் உண்டு. பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் டார்ச், செருப்பு இல்லாம யாரும் வெளிய எறங்கக் கூடாது, பாய சுவத்துல இருந்து தள்ளிப் போடுங்க, வெறகுக் கட்டுக்குள்ள கை விடாதீங்க. கடிச்சிட்டா இறுக்கிக் கட்டுறது, கீறுறது, வாய வச்சு உறிஞ்சுறது எதுவும் வேண்டாம், கடிபட்ட கைய கால அசைக்காம வச்சு நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி, விஷமுறிவு மருந்து அங்க இருக்கும். புதன்கிழமை காலைலயே கார் ஒன்னு, டிரைவர் ஒருத்தர்னு முடிவு பண்ணிருவோம், அந்தக் கார் நாலு நாளும் வேற எதுக்கும் போகாது. பனைல கடந்தை (பெரிய குளவி) கூடு இருந்தா அந்தப் பக்கம் கயிறு கட்டி மறிச்சிரணும்.

எனக்குப் பாட வராது, மேடைல பேசவும் வராது. வரலாமா?

கண்டிப்பா வாங்க. பாடுறவங்க எப்பவும் ஜாஸ்தியாத்தான் வர்றாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அழுற பிள்ளை பக்கத்துல உக்காந்து விசிறி விடுறதுக்குத்தான் ஆள் பத்த மாட்டேங்குது.

வியாழக்கிழமை காலைல வேன் வந்ததும் மொதல்ல என்ன செய்றது?

பேர் சொல்லி கூப்பிடுங்க, பைய வாங்குங்க, பாய் காட்டுங்க, டாய்லெட் எங்க இருக்குன்னு காட்டுங்க, இட்லி சாப்பிட வைங்க. எல்லா ஊர் வேனும் வர்ற வரைக்கும் சும்மா உக்கார வைக்க வேண்டாம், வேப்ப மரத்து நெழல்ல மண்ண சமமா தட்டி வச்சிருப்போம், ஒவ்வொரு குரூப்பும் பெருசா ஒரு வசனம் எழுதி பனங்கொட்டை, புளியங்கொட்டை, வேப்பம்பூ வச்சு அழகு பண்ணட்டும். 1868ல ஜொசாயா ஸ்பியர்ஸ்னு ஒருத்தர் வேல்ஸ்ல லாண்டட்னோ கடற்கரைல 'தேவன் அன்பாகவே இருக்கிறார்'னு மண்ல எழுதி, அங்க விளையாடிட்டு இருந்த பிள்ளைங்கள சிப்பியும் கடல்பாசியும் வச்சு அத அலங்கரிக்க கூப்பிட்டாரு, நாம செம்மண்ல செய்றதும் அதேதான். பேச்சே வராத பிள்ளை கூட கொட்டை பொறுக்க எந்திரிச்சிரும். கொட்டைங்கள புதன்கிழமை சாயங்காலமே ரெண்டு சாக்கு சேத்து வச்சிருங்க.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கெளம்பிரலாமா?

கடைசிப் பிள்ளை அவங்க வீட்டு ஆளோட போற வரைக்கும் குரூப் லீடர் யாரும் கெளம்ப முடியாது. அப்புறம் ரூம் பழையபடி பெஞ்சு போட்டு, அசனப் பாத்திரம் எண்ணி கோயில்குட்டியார்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போகணும், எப்படியும் அஞ்சு மணி ஆயிரும், ராத்திரி வண்டிக்கே டிக்கெட் போடுங்க. வர்றோம்னு முடிவு பண்ணவங்க ஈஸ்டர் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க சொந்த சபை குருவானவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி அனுப்பிருங்க, அது இல்லாம பேர் சேக்க மாட்டோம், எத்தன வருஷம் வந்தவங்களா இருந்தாலும் வருஷா வருஷம் புதுக் கடிதம்தான்.